கைடு கையெழுத்து

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த ஒருவர் ஐந்தாண்டில் எத்தனை தாள்களில் கைடின், அதாவது ஆய்வு நெறியாளரின், கையெழுத்தை வாங்கியாக வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உதவித்தொகை வாங்குபவர் என்றால் மாத வருகைச் சான்று மட்டுமே அறுபது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் டிசி (ஆய்வு ஆலோசனைக் குழு) கூட்டத்துக்குப் பத்து. அதுபோக ஆண்டுதோறும் தொடர்ச்சிச் சான்று, கன்டின்ஜென்சி எனும் ஆய்வுச் சில்லறைச் செலவு பில், விடுதி நீட்டிப்பு, களப்பணிக்கு வெளியூர் போக அனுமதி, ஆவணக்காப்பகத்தில் காட்ட ஒரு கடிதம், இளநிலை உதவித்தொகையான ஜேஆர்எஃப் நிலையிலிருந்து முதுநிலையான எஸ்ஆர்எஃப் நிலைக்கு உயர ஒரு படிவம், பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனைச் சான்று, ஆய்வுச் சுருக்கம், கடைசியில் ஆய்வேடு. எப்படிச் சுருக்கினாலும் எண்பதுக்குக் குறையாது. இதில் ஏதேனும் ஒரு தாளில் அந்தக் கை நின்றுவிட்டால், தாளுக்குப் பின்னால் இருக்கிற பணமோ அறையோ கருவியோ காலமோ அங்கேயே நின்றுவிடும்.

ஆய்வு மாணவர்களுக்கு நம் பல்கலைக்கழகங்களில் வசதியே கிடையாது என்பது பழகிப்போன புலம்பல். அதில் உண்மை உண்டு. ஆனால் அதுதான் முதல் சிக்கல் என்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. உதவித்தொகைகள் இருக்கின்றன. ஆய்விதழ்களின் அணுகல் பத்தாண்டுக்கு முன்பு நினைத்தும் பார்க்க முடியாத அளவுக்கு விரிந்திருக்கிறது. பெண் ஆய்வாளர்களுக்கு விடுப்பும் கூடுதல் காலமும் விதியிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. குறைகேட்க ஒரு குழு இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் ஓரளவு இருக்கிறது. தெருவுக்கு ஒரே குழாய், அதன் திருகு ஒருவர் கையில். சேர்ந்த முதல் மாதத்தில் நடக்கும் ஓரியன்டேஷனில் பொன்னாடை போர்த்தி, நான்கு பேர் பேசி, அறுபது ஸ்லைடு ஓட்டி, தொட்டி எவ்வளவு பெரியது என்று காட்டுவார்கள். குழாயைப் பற்றி ஒரு ஸ்லைடும் இருக்காது.

கைடுகளைத் திட்ட இதை எழுதவில்லை. 2022 நவம்பரில் அரசிதழில் வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) முனைவர் பட்ட விதிமுறைப்படி ஒரு பேராசிரியர் எட்டுப் பேரை, இணைப்பேராசிரியர் ஆறு பேரை, உதவிப்பேராசிரியர் நான்கு பேரை நெறிப்படுத்தலாம். எட்டுப் பேருக்கு எண்பது வீதம் கணக்கிட்டால் அறுநூற்று நாற்பது கையெழுத்து. நடுவில் வகுப்பு, விடைத்தாள், தரமதிப்பீட்டுக்கான நாக் கோப்பு, பாடத்திட்டக் குழு. மனசாட்சியுள்ள கைடே இதில் திணறித்தான் போவார். மனசாட்சி குறைந்தவர் கையில் இதே அமைப்பு என்னவாகும் என்பதை ஆய்வாளர் விடுதிகளில் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பணம் வரும் வழி

யுஜிசி ஜேஆர்எஃப் 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய்; இரண்டாண்டு கழிந்து எஸ்ஆர்எஃப் ஆனதும் 42,000. இதற்கு மேல் விடுதியில் இடம் இல்லாதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி. நிறுவனம் விடுதி தருகிறேன் என்று சொல்லி, வேண்டாம் என மறுத்துவிட்டால் வாடகைப்படியும் போய்விடும். வெளியே நண்பர்களோடு வீடு எடுத்துத் தங்கிக்கொள்ளலாம் என்று முதல் வாரத்தில் உற்சாகமாக எழுதிக் கொடுக்கிற மறுப்புக் கடிதம் ஐந்தாண்டுக்கும் விலை வைக்கும். விடுதியில் இடமில்லை என்று விடுதிக் காப்பாளரிடம் எழுத்தில் வாங்குவதும், எனக்கு வேண்டாம் என்று நாமே எழுதித் தருவதும் அலுவலகக் கண்ணுக்கு நேரெதிர் ஆவணங்கள்.

பணம் வரும் பாதை இப்படி: துறையில் வருகைச் சான்றில் கைடும் துறைத்தலைவரும் கையெழுத்திடுவார்கள். அது உதவித்தொகைப் பிரிவுக்குப் போகும். அங்கே இருவர் உண்டு. கனரா வங்கியின் உதவித்தொகைத் தளத்தில் பெயரைப் பதிபவர் மேக்கர், அதைச் சரிபார்த்து ஒப்புபவர் செக்கர். இருவரும் முடித்த பிறகுதான் யுஜிசி பக்கம் நகர்ந்து, ஆதார் இணைந்த கணக்கில் நேரடியாக விழும். மேக்கர் விடுப்பில் போன மாதம் துறையே வறண்டு கிடக்கும். செக்கர் பெரும்பாலும் பதிவாளர் அலுவலகத்தில் வேறு பத்து வேலை பார்க்கும் ஓர் அதிகாரியாக இருப்பார். அவர் கடவுச்சொல்லை மறந்தால் எல்லாருடைய பணமும் அடுத்த சுற்றுக்குப் போகும். பணம் வரவில்லை என்றதும் தில்லிக்கு மின்னஞ்சல் எழுதுவது பலரின் வழக்கம். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இந்த மாதம் என் பெயர் மேக்கர் நிலையில் நிற்கிறதா, செக்கர் நிலையில் நிற்கிறதா? அந்த இருவரும் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் ஓரியன்டேஷனில் சொல்லியிருக்க வேண்டிய முதல் தகவல்.

கைடும் அலுவலகமும் ஒழுங்காக இருந்தும் பணம் நிற்க இன்னொரு காரணம் உண்டு. அது நம் ஊருக்கே உரிய காரணம்: இனிஷியல். நெட் தகுதித்தேர்வு விண்ணப்பத்தில் எஸ். கவிதா, ஆதாரில் கவிதா சண்முகம், வங்கியில் கவிதா எஸ் என்று மூன்று கவிதாக்கள் இருந்தால் கணினிக்கு அது மூன்று பேர். தகப்பன் பெயரைப் பின்பெயராக எண்ணும் வடிவங்களுக்கு நம் இனிஷியல் என்றைக்கும் புரிந்ததில்லை. உதவித்தொகை விருதுக் கடிதத்தில் உள்ள எழுத்துக்கூட்டலை மூலமாக வைத்து மற்ற இரண்டையும் அதற்கேற்ப மாற்றுவதுதான் குறைந்த அலைச்சல்; விருதுக் கடிதத்தைத் திருத்தக் கேட்பது அதிக அலைச்சல். சேர்க்கை அறிக்கை கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

இரண்டாம் ஆண்டு முடிவில் எஸ்ஆர்எஃப் உயர்வு தானாக வராது. கைடு, துறைத்தலைவர், வெளியிலிருந்து ஒரு வல்லுநர் என்று மூவர் குழு பணியை மதிப்பிட்டுப் பரிந்துரைக்க வேண்டும். வெளி வல்லுநரின் தேதி கிடைப்பதுதான் இதில் உண்மையான தடை. ஆகவே 22ஆம் மாதத்திலேயே கேட்டு வைக்க வேண்டும். கன்டின்ஜென்சி என்பது கலைப்பாடங்களுக்கு முதல் இரண்டாண்டும் ஆண்டுக்கு 10,000, பிறகு 20,500; அறிவியலுக்கு 12,000, பிறகு 25,000. இதை மார்ச் கடைசி வாரத்தில் பில் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பவர்களுக்குத்தான் எப்போதும் ஏதாவது ஆட்சேபம் வரும்.

பணத்தின் கடிகாரமும் பதிவின் கடிகாரமும் வேறு வேறு என்பதைச் சேரும் நாளிலேயே யாராவது உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். உதவித்தொகை ஐந்தாண்டுக்கு, அதற்குள் ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டால் அந்த நாளோடு முடிந்துவிடும். பதிவோ ஆறாண்டு. ஆக ஆறாம் ஆண்டு என்பது வெறும் வயிற்றோடு எழுதும் ஆண்டு. ஆய்வேடு எழுத நேரம் வேண்டும் என்று கைடு தள்ளிப்போடச் சொல்லும்போது அந்த நேரத்துக்கு யார் சோறு போடுவது என்ற கேள்வியும் கூடவே மேசைக்கு வர வேண்டும்.

இதெல்லாம் ஜேஆர்எஃப் உள்ளவர்கள் கதை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாத முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய். 2015 அக்டோபரில் அதையும் நிறுத்தப் பார்த்து, மாணவர்கள் தில்லியில் யுஜிசி வாசலிலேயே உட்கார்ந்து போராடித் தக்கவைத்துக்கொண்ட தொகை அது. நம் கல்லூரிகளில் பகுதிநேரமாகப் பதிந்து, காலையில் பள்ளியிலோ சுயநிதிக் கல்லூரியிலோ பாடம் நடத்திவிட்டு மாலையில் ஆய்வேடு எழுதுபவர்களுக்கு அதுவும் கிடையாது. அவர்களுக்கு எந்தக் கதவின் சாவியும் அந்த ஒரு கையெழுத்துதான்.

டிசி: எழுதாத கூட்டம்

இந்த ஒற்றைக் கையெழுத்து ஆபத்தானது என்று விதி எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் ஆய்வு ஆலோசனைக் குழு என்று ஒன்றை வைத்தார்கள். நம் பல்கலைக்கழகங்களில் அதற்கு டாக்டோரல் கமிட்டி, சுருக்கமாக டிசி என்றே பேச்சு. கைடோடு வேறு ஆசிரியர்கள், பல இடங்களில் ஒருவராவது வெளி நிறுவனத்தவர். தலைப்பை இறுதி செய்வது, ஆய்வு முறையைச் செதுக்குவது, எந்தெந்தக் கோர்ஸ் ஒர்க் தாள் படிக்க வேண்டும் என்று சொல்வது, முன்னேற்றத்தைப் பார்த்துக் கைகொடுப்பது எல்லாம் அதன் வேலை. ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வாளர் அதன் முன் நின்று தன் பணியை விளக்கி, சுருக்கமான அறிக்கையும் தர வேண்டும். குழு தன் பரிந்துரையை நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். பரிந்துரையின் நகல் ஆய்வாளருக்கும் தரப்பட வேண்டும் என்று அடுத்த வரியிலேயே விதி சொல்கிறது. பணி திருப்தியில்லை என்றால் குழு காரணத்தைப் பதிந்து, சரிசெய்யும் வழியையும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் நடக்காவிட்டால்தான் பதிவை ரத்துசெய்யப் பரிந்துரைக்கலாம், அதுவும் குறிப்பான காரணங்களோடு.

ஆனால் இதே விதியில் இன்னொரு வாக்கியம் இருக்கிறது. குழுவின் அமைப்பாளர் நெறியாளரே. கூட்டத்துக்கு நாள் குறிப்பவர் அவர், வெளி உறுப்பினரை அழைப்பவர் அவர், நடவடிக்கைக் குறிப்பை எழுதுபவர் அவர். இரண்டாவது வாசலுக்கும் அதே சாவியைத்தான் கொடுத்திருக்கிறார்கள். முதல் வாசலில் சிக்கல் வந்தவருக்காகக் கட்டிய வாசல் இது என்பதை வைத்துப் பார்த்தால், இந்த ஒரு வாக்கியம்தான் மொத்த அமைப்பின் தலையெழுத்தையும் மாற்றிவிடுகிறது. குழுவின் அமைப்பாளராகத் துறையின் வேறொரு மூத்த ஆசிரியர் இருந்திருந்தால் போதும், பாதி வழக்குகள் பிறந்திருக்கவே பிறந்திருக்காது என்பது என் எண்ணம்.

இதன் விளைவை எந்தத் துறையிலும் பார்க்கலாம். கூட்டம் நடக்காது, படிவம் மட்டும் நடக்கும். ஆய்வாளரே படிவத்தை எடுத்துக்கொண்டு பேருந்தேறிப் போய் வெளி உறுப்பினரின் வீட்டு வாசலில் கையெழுத்து வாங்கி வருவார். இரண்டு பருவத்துக் கூட்டங்கள் ஒரே நாளில், இரண்டு வேறு தேதிகளோடு முடியும். குறிப்பில் ஒரே சொல்: திருப்திகரம். அந்தச் சொல் அன்றைக்கு எல்லாருக்கும் வசதிதான். ஆய்வாளருக்கு அலைச்சல் மிச்சம், கைடுக்கு நேரம் மிச்சம். அதன் வட்டி நான்காம் ஆண்டில் வரும். தரவு கிடைக்காமல் தலைப்பை மாற்ற வேண்டியிருக்கும். ஏழு முறை திருப்திகரம் என்று எழுதிய கோப்பில் மாற்றத்துக்கான காரணத்தைத் தேடினால் ஒரு வரி கிடைக்காது. கைடு ஓய்வுபெறுவார், புதிய கைடுக்கு முந்தைய நான்காண்டில் என்ன முடிவானது என்று தெரியாது. உறவு கெட்டுப்போய் ஆய்வாளர் வேலையே செய்யவில்லை என்று திடீரென ஒரு கடிதம் வரும். அப்போது மட்டும் அந்தத் திருப்திகரம் ஆய்வாளருக்கு உதவும், அதுவும் அவரிடம் நகல் இருந்தால்.

சாவி அவர் கையில் இருந்தாலும் கூட்டத்தை உண்மையான கூட்டமாக்க ஆய்வாளரால் முடிகிற சில காரியங்கள் இருக்கின்றன. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே எல்லா உறுப்பினர்களுக்கும் ஒரு பக்க அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பிவிடுவது முதல் காரியம். அதில் நான்கு பத்தி போதும்: போன முறை என்ன சொன்னீர்கள், அதில் எது முடிந்தது, எது ஏன் முடியவில்லை, அடுத்த ஆறு மாதத்தில் என்ன செய்யப்போகிறேன். இருபது பக்க அறிக்கையை யாரும் படிப்பதில்லை. ஒரு பக்கத்தைக் காரில் வரும்போதாவது படித்துவிடுவார்கள். விளக்கவுரை கால் மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கடைசி ஸ்லைடில் நன்றி என்று பூ போடுவதற்குப் பதிலாக எனக்குத் தேவைப்படும் முடிவுகள் என்று தலைப்பிட்டு, இரண்டோ மூன்றோ கேள்விகளை வைக்க வேண்டும். மாதிரி எண்ணிக்கையை 300லிருந்து 180 ஆகக் குறைக்கலாமா, மூன்றாம் இயலைப் பிரிக்கலாமா, இந்தக் கருவிக்கு வேறு நிறுவனம் போகலாமா என்பதுபோல ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளாக இருக்க வேண்டும். உங்கள் மேலான ஆலோசனைகளை வேண்டுகிறேன் என்று முடித்தால் ஆலோசனை மழைதான் பொழியும், முடிவு வராது.

அடுத்தது குறிப்பு. கூட்டம் முடிந்த அன்று மாலையே, நினைவு ஆறுவதற்குள், இன்று முடிவானதாக நான் புரிந்துகொண்டவை என்று ஐந்தாறு வரியில் எழுதி, கைடுக்கும் மற்ற உறுப்பினர்களுக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்பிவிட வேண்டும். நன்றி சொல்லும் தொனியில் இருந்தால் யாருக்கும் உறுத்தாது. ஐயா, இன்று நேரம் ஒதுக்கியதற்கு நன்றி என்று தொடங்கும் ஒரு கடிதத்தைத் தவறாக எடுத்துக்கொள்ளும் ஆசிரியர் அரிது. அலுவலகக் குறிப்பு ஆறு மாதம் கழித்து வந்தாலும், வராமலே போனாலும், தேதியிட்ட ஒரு தாள் நம்மிடம் இருக்கும். முறையான நகலை அலுவலகத்தில் கேட்கும்போது விதியில் இருக்கிறது என்று மேசையைத் தட்டாமல், அடுத்த அறிக்கைக்கு முந்தைய பரிந்துரை தேவைப்படுகிறது என்று கேட்டால் சீக்கிரம் கிடைக்கும்.

அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் ஒரு மாத ஊதியத்துக்குக் குறையாமல் பெறும் ஆய்வு மாணவருக்குத் தனிநபர் வளர்ச்சித் திட்டம் ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்று 2024 மே மாதம் முதல் நடைமுறை வந்திருக்கிறது. அங்கேயும் அது வெறும் படிவமாகச் சுருங்கிவிடலாம். ஆனால் எழுதும் பேனா மாணவர் கையில் இருப்பதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மேலே சொன்ன ஒரு பக்க அறிக்கை அதே வேலையை இங்கே எந்தச் சுற்றறிக்கையும் இல்லாமல் செய்யும்.

கையெழுத்து கேட்காத இடங்கள்

யாரிடமும் போய் நிற்காமல் எடுத்துக்கொள்ளக்கூடியவையும் நிறைய. ஆய்விதழ்களுக்கு அரசே சந்தா கட்டும் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது; மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். அரசு கலைக் கல்லூரியில் பதிந்த ஓர் ஆய்வாளருக்கு இது பெரிய மாற்றம். வளாகத்துக்கு வெளியிலிருந்து நுழைய இன்ஃபெட் கணக்கு வேண்டும். அதை உருவாக்கித் தருபவர் நூலகர். திட்டத்தின் முதல் கட்டம் மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கு மட்டும் என்பதால் சுயநிதிக் கல்லூரிகளில் பதிந்தவர்கள் வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கு மிச்சம், பல்கலைக்கழக மைய நூலகத்துக்கு நேரில் போவதும் கட்டுரை ஆசிரியருக்கே எழுதிக் கேட்பதும்தான். இரண்டாவது வழி கூச்சப்படுகிற அளவுக்குக் கடினமானதல்ல. தன் கட்டுரையை ஒருவர் படிக்கக் கேட்டால் மகிழாத ஆசிரியர் குறைவு.

அறிவியல் பக்கத்தில் ஐ-ஸ்டெம் தளம் இருக்கிறது. எந்த ஊரில் எந்தக் கருவி உள்ளது என்று தேடி, அங்கேயே முன்பதிவும் செய்யலாம். சென்னை ஐஐடியின் சைஃப் மையம்போல வெளியாரின் மாதிரிகளைக் கருவியில் அளந்து தரும் மையங்களும் உண்டு. மாதிரியை அனுப்புமுன் எவ்வளவு அளவு வேண்டும், எந்தக் கரைப்பானில், மூலத் தரவைக் கோப்பாகத் தருவார்களா அல்லது படமாக மட்டுமா என்று கேட்டுக்கொள்ளாதவர்கள் இரண்டு முறை பணம் கட்டுவார்கள். படத்தை வைத்துக்கொண்டு வரைகோட்டைத் திரும்ப வரைய முடியாது.

தமிழ், வரலாறு போன்ற துறைகளுக்குத் தரமணியின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரின் தமிழ்நாடு ஆவணக்காப்பகம், பெசன்ட் நகரின் உ.வே.சா. நூலகம், தஞ்சையின் சரசுவதி மகால். வீட்டிலிருந்தே பார்க்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். ஆவணக்காப்பகத்துக்கு மட்டும் நிறுவனத்தின் அறிமுகக் கடிதம் வேண்டும். அங்கே மறுபடி அந்தக் கையெழுத்து. தலைப்பைக் கொஞ்சம் அகலமாகவும், காலத்தை ஓர் ஆண்டுக்கும் எழுதி ஒரே முறையில் வாங்கிவிட்டால் திரும்பத் திரும்பப் போய் நிற்க வேண்டாம்.

தமிழில் ஆய்வேடு எழுதுபவர்களுக்கு ஒரு விஷயத்தை எத்தனை முறை சொன்னாலும் தகும்: முதல் நாளிலிருந்தே யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பல்கலைக்கழக வாசலில் உள்ள டிடிபி கடைகளில் இன்னும் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன. அந்தக் கோப்பை ஒப்புமைச் சோதனைக்குள் செலுத்தினால் மென்பொருள் பார்ப்பது தமிழை அல்ல, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குப்பையை. சதவீதம் இரண்டு என்று வரும். அந்த இரண்டைப் பார்த்து மகிழ்ந்து சான்று தருபவர்களும் இருக்கிறார்கள். ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏறிய பிறகு அதைத் தேடினால் யாருக்கும் அகப்படாது, ஆறாண்டு உழைப்பு தேடுபொறிக்குக் கண்ணில்லாத இடத்தில் கிடக்கும். கடைசி வாரத்தில் மாற்றியைப் போட்டு யூனிகோடாக்கலாம் என்றால், தமிழோடு சேர்ந்து நடுவில் உள்ள ஆங்கிலத் துணைநூற்பட்டியலும் தமிழ் எழுத்துக் கூளமாகிவிடும். ஒகர ஓகாரக் கொம்புகள் பிரிந்து நிற்கும். ஸ்ரீ காணாமல் போகும். நானூறு பக்கத்தில் அதைத் தேடித் திருத்த ஒரு மாதம் ஆகும்.

ஒப்புமைச் சதவீதத்தைப் பற்றிய பயமும் பாதி அறியாமைதான். யுஜிசியின் 2018 விதிப்படி 10 வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை ஓராண்டு ஒப்படைக்கத் தடை. அதற்கும் மேல் பதிவே ரத்து. இந்தக் கணக்கில் முறையாகச் சான்று காட்டிய மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை எல்லாம் சேராது. தொடர்ச்சியாக 14 சொல் வரை தற்செயலாக ஒத்துப்போவதும் சேராது. சங்கப்பாடலை மேற்கோள் குறி இல்லாமல், பத்தியோடு ஒட்டி எழுதியவருக்குக் கபிலரே ஒப்புமை காட்டுவார். நூலகத்தில் சோதனை ஓட்டுபவர் மேற்கோளையும் பட்டியலையும் விலக்கும் தெரிவுகளை இயக்கினாரா என்று கேட்க வேண்டும். மூன்றாம் ஆண்டிலேயே இயல் இயலாக ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஆய்வேட்டிலிருந்து எடுத்து முன்பே வெளியிட்ட சொந்தக் கட்டுரையும் ஒப்புமையாக வரும்; அதற்குத் தனிச் சான்று இணைக்க வேண்டும். கட்டுரை வெளியீட்டைப் பொறுத்தவரை, 2022 விதி அதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தம் சொந்த விதியில் வைத்திருக்கின்றன. ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் கேர் பட்டியலையும் 2025இல் யுஜிசி கைவிட்டுவிட்டது. பட்டியலில் இருந்தது என்ற பழைய திரைப்பிடிப்பைக் காட்டிப் பணம் கேட்கும் இதழ்கள் இன்னும் வாட்ஸாப்பில் சுற்றுகின்றன.

காலம், விடுப்பு, முறையீடு

முனைவர் பட்டப் பதிவுக்குக் குறைந்தது மூன்றாண்டு, அதிகம் ஆறு. மறுபதிவின் மூலம் இன்னும் இரண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேல் இரண்டு; மொத்தம் பத்தைத் தாண்டக் கூடாது. பெண் ஆய்வாளருக்கு மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பாக மொத்தக் காலத்தில் 240 நாள் வரை உண்டு. திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாறினால், ஆய்வுத் தரவை எடுத்துக்கொண்டு புதிய நிறுவனத்தில் தொடரவும் விதி இடம்தருகிறது. பழைய நிறுவனம் வெளியிலிருந்து நிதி பெற்று நடத்தும் திட்டத்தின் பகுதியாக அந்த ஆய்வு இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. கல்யாணம் ஆனதும் விட்டுவிட்டாள் என்று துறைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த விதியை அந்தப் பெண்ணிடம் ஒருவராவது எடுத்துக் காட்டினாரா என்று கேட்டால் பதில் இருக்காது.

கைடின் வயதையும் பார்த்துச் சேர வேண்டும். ஓய்வுக்கு மூன்றாண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதியவர்களை எடுக்கக் கூடாது. ஏற்கெனவே எடுத்தவர்களுக்கு ஓய்வுக்குப் பிறகு இணை நெறியாளராக, எழுபது வயது வரை தொடரலாம். நான்காண்டு மிச்சமுள்ளவரிடம் சேர்பவர் முதல் டிசியிலேயே இணை நெறியாளர் பெயரைக் கேட்டுப் பதிய வைப்பது அவமரியாதை ஆகாது.

மனம் தளர்ந்துபோனால் என்ன செய்வது? வளாகத்தில் ஆலோசனை மையம் என்று பெயர்ப்பலகை இருக்கும். உள்ளே இருப்பவர் பெரும்பாலும் வேறொரு துறை ஆசிரியர். கைடோடு சேர்ந்து டீ குடிப்பவர். ஆய்வாளர்கள் அங்கே போகாததற்கு வெட்கம் காரணம் என்று சொல்வது சோம்பேறித்தனம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸின் 14416 எண்ணில் எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். அங்கே கைடை யாருக்கும் தெரியாது.

முறையீட்டுக்கு யுஜிசியின் 2023 விதிப்படி மாணவர் குறைதீர் குழு உண்டு. 15 வேலை நாளில் அது அறிக்கை தர வேண்டும். அதில் நிறைவில்லை என்றால் 15 நாளுக்குள் குறைகேள் அதிகாரியான ஆம்புட்ஸ்பர்சனிடம் மேல்முறையீடு. அவர் 30 நாளில் முடிக்க வேண்டும். பாலியல் தொல்லை என்றால் இது வழியல்ல, உள்ளகப் புகார்க் குழுதான். குறைதீர் குழு முதலில் கேட்பது ஆவணம்: எப்போது விண்ணப்பித்தீர்கள், யாரிடம் தந்தீர்கள், பதில் என்ன? வாய்ச்சொல்லாக நடந்த எதற்கும் அங்கே மதிப்பில்லை. அந்த நேரத்தில் கையில் இருக்கப்போவது, ஒவ்வொரு டிசி மாலையிலும் நன்றி சொல்லி அனுப்பிய அந்த ஐந்தாறு வரிகள்தான். அதை ஆறாம் ஆண்டில் உட்கார்ந்து உருவாக்க முடியாது. போன கூட்டம் நடந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரிகளைத் துறை அலுவலகத்தில் கேட்டால் தருவார்கள். அதற்குக் கைடு கையெழுத்து தேவையில்லை.